கல்மூஞ்சி வரிசை

கல்மூஞ்சிச் செடி மணலில் முளைக்காது. ஊருக்கே தெரிந்த விஷயமில்லை இது. தாவரக் கணக்கெடுப்பு ஆபீசில் வேலை பார்க்கிற பத்துப் பன்னிரண்டு பேருக்கு மட்டும் தெரிந்தது. பாலைவனத்தின் நடுவே மலை மலையாகக் குவிந்து கிடக்கும் பாறைகளின் உச்சியில், கைப்பிடி மண்கூட இல்லாத இடுக்கில், தடித்த இரண்டு இலைகளை இறுக மூடிக்கொண்டு அது உட்கார்ந்திருக்கும். கூழாங்கல் என்று நினைத்து மிதித்துவிட்டுப் போய்விடலாம். எந்நேரமும் உம்மென்று இருப்பதால் ஆபீசில் யாரோ அதற்கு அப்படிப் பெயர் வைத்தார்கள். பதினோரு வருட வேலையில், பாறையை விட்டுக் கீழே இறங்கி வந்த ஒரு கல்மூஞ்சியைக்கூட அவன் பார்த்ததில்லை.

இப்போது பார்த்தான். ரோட்டோரம் ஜீப்பை நிறுத்திய இடத்திலிருந்து ஐம்பது அடி தள்ளி, தட்டை மணலில், அது பாட்டுக்கு உட்கார்ந்திருந்தது.

காலை பதினோரு மணி வெயிலுக்கே மணல் சூடேறியிருந்தது. பின்னால் அண்ணி தண்ணீர் கேனைத் தோளில் மாட்டிக்கொண்டு வந்துகொண்டிருந்தாள். அவன் ஒரு அடி நகர்ந்து, செடி அவள் கண்ணில் படாதபடி நின்றுகொண்டான். என்ன தம்பி என்று கேட்டாள். ஒன்றுமில்லை, கல் என்றான். அவள் தலையாட்டிவிட்டு நடந்தாள். ஆபீஸ் விதை அறையில் பதினைந்து வருடமாக விதை பிரிக்கிறவளிடம் போய்ச் செடியைக் கல் என்கிறோமே என்று அவனுக்கே கூச்சமாக இருந்தது.

அவள் கேட்டுத்தான் இந்தப் பயணம். அண்ணன் போய் மூன்று வருடமாகிறது, அவர் விழுந்த இடத்தை ஒரு தடவையாவது கண்ணால் பார்க்க வேண்டும் என்று போன வாரம் வீட்டுக்கே வந்து கேட்டாள். நீங்கள் வராவிட்டால் ஆபீஸ் ஆட்களைக் கூட்டிக்கொண்டு போகிறேன் என்றாள். ஆபீஸ் ஆட்கள் வந்தால் நாலு பக்கமும் சுற்றுவார்கள். அதற்கு நாமே போய்க் காட்டிவிட்டு வருவது மேல் என்று அவன் ஒத்துக்கொண்டான்.

அவன் எல்லோரிடமும் சொல்லி வைத்திருந்த கதை இது: கணக்கெடுக்க வந்த இடத்தில், கிழக்குப் பாறைகளுக்கு நடுவே இருக்கும் ஆழம் தெரியாத பிளவில் அண்ணன் கால் தவறி விழுந்தார், அந்த நிமிடமே உயிர் போய்விட்டது. தேட வந்தவர்கள் கிழக்கு ரோட்டில் ஜீப்புகளை நிறுத்தி, பிளவுக்குள் கயிறு விட்டுப் பார்த்தார்கள். கயிறு எட்டவில்லை. எழுதி மூடிவிட்டார்கள்.

நடந்தது வேறு. பாறைச் செடிகளை வேரோடு பிடுங்கி, ஈரக் காகிதத்தில் சுற்றி, அழகுக்கு வளர்ப்பவர்களுக்கு அவன் திருட்டுத்தனமாக விற்றுக்கொண்டிருந்தான். நாற்பது செடிகள் அவன் வீட்டுப் பின்னறையில் இருந்ததை அண்ணன் பார்த்துவிட்டார். திங்கட்கிழமை ஆபீசில் நீயே சொல்லிவிடு, இல்லாவிட்டால் நான் சொல்வேன் என்றார். அது வெள்ளிக்கிழமை. சனிக்கிழமை இருவரும் இங்கே வந்தார்கள். மேற்குப் பாறையில் விதை எடுக்கக் குனிந்த அண்ணன் சறுக்கி விழுந்தார். தொடை எலும்பு முறிந்துவிட்டது. நினைவு நன்றாக இருந்தது. பயப்படாதடா, கால்தான் என்று விழுந்தவரே இவனுக்குத் தைரியம் சொன்னார்.

அவன் இரண்டு தண்ணீர் கேன்களையும் அண்ணனுடைய போனையும் எடுத்துக்கொண்டு, ஆள் கூட்டி வருவதாகச் சொல்லிவிட்டு இறங்கி, ஜீப்பில் வந்து உட்கார்ந்தான். கொல்ல வேண்டும் என்று நினைக்கவில்லை. கொஞ்ச நேரம் உட்கார்ந்து யோசிக்கலாம் என்றுதான் நினைத்தான். அந்தக் கொஞ்ச நேரம் பொழுது சாய்கிற வரை நீண்டது. அப்போது மணலில் எதையோ இழுக்கிற சத்தம் கேட்டது. சர்ர் என்று ஒரு இழுப்பு, பிறகு நிறுத்தம், மறுபடி இழுப்பு. அவன் திரும்பிப் பார்க்கவில்லை. வண்டியைக் கிளப்பிக்கொண்டு போய்விட்டான். மறுநாள் மத்தியானம்தான் ஆபீஸ் ஆட்களிடம் போய் அழுதான். அழுகை என்னவோ நிஜமாகவே வந்தது. அண்ணனுடைய வேலையும் நாற்காலியும் ஆறே மாதத்தில் அவனுக்கு வந்தன.

ஆக, அண்ணி கிழக்குப் பிளவைப் பார்க்கலாம், அழலாம், திரும்பிப் போகலாம். மேற்குப் பாறைப் பக்கம் மட்டும் அவள் போகக் கூடாது. வண்டி ஓட்டி வந்தவளோ கிழக்கு ரோட்டுக்குத் திருப்பாமல் இங்கே நிறுத்திவிட்டாள். போனால் வேலையும் போகும், மானமும் போகும், மிச்ச ஆயுளைக் கம்பிக்குப் பின்னால் கழிக்க வேண்டியதுதான்.

இரண்டாவது கல்மூஞ்சி கொஞ்ச தூரத்திலேயே இருந்தது. அதற்கப்பால் மூன்றாவது.

பாலைவனத்தில் செடியே இருக்காது என்று நினைப்பவர்கள் நடந்து பார்த்ததில்லை. புழுதி படிந்த எருக்கு, ஒன்றை ஒன்று தொடாமல் தள்ளித் தள்ளி நிற்கும் கள்ளிகள், காய்களைச் சுமந்தபடி மணலில் படர்ந்த குமட்டிக் கொடி, வெயிலுக்கு இலையின் விளிம்பை மட்டும் காட்டும் முட்புதர்கள், செத்த குச்சிக் கட்டு என்று நினைத்தால் உள்ளே உயிரோடு இருக்கும் பேர் தெரியாத செடிகள் என்று கண்ணுக்கெட்டிய மட்டும் ஏதாவது பிடிவாதமாக நின்றுகொண்டுதான் இருக்கும். எல்லாம் தாறுமாறாக, கிடைத்த இடத்தில் நிற்கும். வரிசை என்று ஒன்று இங்கே கிடையாது. கல்மூஞ்சிகள் மட்டும் வரிசையாக இருந்தன. ஒன்றுக்கும் அடுத்ததற்கும் ஒன்றரை முழம் இடைவெளி. எங்கேயும் கூடவில்லை, குறையவில்லை.

முழங்கையை ஊன்றி உடம்பை இழுக்கிறவன் ஒரு இழுப்புக்கு எவ்வளவு தூரம் நகர்வான் என்ற கேள்வி, வேண்டாம் வேண்டாம் என்றாலும் அவன் மனதில் வந்து உட்கார்ந்தது.

"அண்ணி, பிளவு அந்தப் பக்கம்" என்றான். அவள் கிழக்கே திரும்பாமல் வரிசையின் ஓரமாகவே போய்க்கொண்டிருந்தாள்.

"தெரியும் தம்பி. இப்படியே போவோம், நிழலா இருக்கு."

எங்கேயும் நிழல் இல்லை. முழங்கால் உயரத்துக்கு மேல் ஒரு புதர்கூட இல்லை. அவன் அவள் பின்னால் நடந்தான்.

கொஞ்ச தூரம் போனதும் அவள் குனிந்து ஒரு செடியின் மேல் படிந்த தூசியை ஊதினாள். விதை அறையில் புது ஆட்களுக்குச் சொல்லிக்கொடுக்கிற அதே குரலில், இதன் விதை கனம், காற்றில் போகாது, எறும்பும் தொடாது, தாய்ச் செடியின் காலடியிலேயே விழுந்து கிடக்கும், யாராவது எடுத்து வந்து போட்டால்தான் உண்டு என்றாள். அவனைப் பார்த்துச் சொல்லவில்லை. செடியைப் பார்த்துச் சொன்னாள்.

அவனுக்கு நினைவு வந்தது. விதைப் பை. கணக்கெடுக்கப் போகும்போது மூத்தவர் கழுத்தில்தான் விதைப் பை தொங்க வேண்டும் என்பது ஆபீஸ் வழக்கம். அண்ணனுடைய பையை அண்ணியே தைத்துக் கொடுத்திருந்தாள். தண்ணீரை எடுத்தவன், போனை எடுத்தவன், அந்தப் பையை எடுக்கவில்லை. நாலு பிடி விதைக்கு என்ன மதிப்பு என்று விட்டுவிட்டான். செடியோடு பிழைக்கிறவன் செய்யக் கூடாத தப்பு அது. பாறையிலிருந்து அரை மணி நேர நடைத் தூரம் அண்ணன் மார்பால் தேய்ந்து ரோட்டோரம் வந்து சேர்வதற்குள் துணி இற்றுப் போயிருக்கும். பை பிய்ந்தது ரோட்டோரத்தில். விதை கொட்ட ஆரம்பித்ததும் ரோட்டோரத்தில். ஜீப் நின்ற இடத்துக்கு ஐம்பது அடி முன்னால்.

ஐம்பது அடி. அவன் அன்று திரும்பிப் பார்த்திருந்தால் முகம் தெரிந்திருக்கும்.

சரி, போகட்டும் என்று தன்னைத் தேற்றிக்கொண்டான். செடி முளைத்தது தெரிகிறது, அவ்வளவுதான். செடி வாயைத் திறந்து சாட்சி சொல்லப் போவதில்லை. அண்ணிக்குச் சந்தேகம் வந்தாலும் வெறும் சந்தேகம்தான். இப்படி நினைத்தபோது கொஞ்சம் தெம்பு வந்தது, வாய்க்குள் எச்சில்கூட ஊறியது. அந்தத் தெம்பில் குனிந்து, பக்கத்திலிருந்த செடியின் இலைகளை எண்ணினான். பதினோரு வருடப் பழக்கம், விரல் தானாகப் போயிற்று.

கல்மூஞ்சி வருடத்துக்கு ஒரு ஜோடி இலைதான் விடும், மழை பெய்து ஓய்ந்த பிறகு. பழைய ஜோடி காய்ந்தாலும் உதிராமல் அடியிலேயே ஒட்டிக்கொண்டிருக்கும். ஜோடியை எண்ணினால் வயது தெரிந்துவிடும். ரோட்டோரம் பார்த்த முதல் செடியில் மூன்று ஜோடி இருந்தது. கணக்குச் சரி. மூன்று வருடம்.

இதில் இரண்டு இருந்தது.

மண் சத்தில்லாமல் இருக்கும் என்று நினைத்தான். அடுத்ததை எண்ணினான். இரண்டு. அதற்கடுத்தது, அதற்கும் அடுத்தது, எல்லாம் இரண்டு. இருபது செடி தாண்டியும் இரண்டுதான். பாறைகள் பெரிதாகிக்கொண்டே வந்தன. வெயில் ஏற ஏறக் கற்களுக்குள் டிக் டிக் என்று சூடு வெடிக்கிற சத்தம் கேட்டது. காற்று நின்றுவிட்டது. வரிசை ஒரு பாறையைச் சுற்றிக்கொண்டு, இரண்டு கள்ளிகளுக்கு நடுவே நுழைந்து, கிழக்கே போகாமல், தெற்கே போகாமல், மேற்குப் பாறையை நோக்கியே போய்க்கொண்டிருந்தது. அந்த வளைவு தாண்டி எண்ணியபோது ஒரு ஜோடிதான் இருந்தது.

போன வருடம் விழுந்த விதை.

அவன் நின்றுவிட்டான். எண்ணத் தெரியாதவனாகப் பிறந்திருந்தால் எவ்வளவு நன்றாக இருந்திருக்கும் என்று தோன்றியது. அன்று சாயங்காலமே எல்லாம் முடிந்திருந்தால் ரோட்டோரத்தோடு வரிசை நின்றிருக்க வேண்டும். நிற்கவில்லை. ஜீப் போவதைப் பார்த்த பிறகு அது திரும்பியிருக்கிறது. முழங்கை முழங்கையாக, ஒன்றரை முழம் ஒன்றரை முழமாக, விதையைச் சிந்திக்கொண்டே, ஒரு வருடம், இரண்டு வருடம். தேடியவர்கள் கிழக்கே கயிறு விட்டுக்கொண்டிருந்தபோதும். அவன் புது நாற்காலியில் உட்கார்ந்து கையெழுத்துப் போட்டுக்கொண்டிருந்தபோதும்.

"திரும்பிப் போயிடலாம் அண்ணி" என்றான்.

அவள் திரும்பவில்லை. மேற்குப் பாறையின் அடிவாரத்தை அடைந்து ஏறத் தொடங்கியிருந்தாள். ஜீப் சாவி அவள் பையில் இருந்தது. அவனும் ஏறினான்.

உச்சி வெயில். நிழல்களெல்லாம் பாறைகளுக்கு அடியில் போய் ஒளிந்துகொண்டன. அண்ணன் விழுந்த பள்ளத்துக்கு மேலே இருந்த தட்டுப் பாறையில் நின்று அவள் கீழே பார்த்துக்கொண்டிருந்தாள். அவனும் எட்டிப் பார்த்தான். பள்ளத்தின் மணலில் வரிசை உள்ளே வந்திருந்தது. இங்கே இருந்தவற்றுக்கு இலை இல்லை. வெறும் முளைகள், தலையில் இன்னும் மணல் ஒட்டிக்கொண்டு. கடைசி முளையைச் சுற்றி மணல் ஈரமாக இருந்தது. மழை பெய்து ஒரு மாதமாகிறது. ஆனால் நனைந்த மண்ணின் வாசனை குப்பென்று மேலே வந்தது.

அந்தப் பயத்துக்குள்ளேயும் அவனுக்கு வேறொரு கணக்கு ஓடியது. அதுதான் அவன் சுபாவம். அண்ணி பாறை விளிம்பில் நிற்கிறாள், முதுகைக் காட்டிக்கொண்டு. பார்க்க ஒரு ஈ காக்கை இல்லை. புருஷன் விழுந்த இடத்தைப் பார்க்க வந்தவள் துக்கத்தில் தடுமாறினாள் என்றால் யார் நம்ப மாட்டார்கள்? அவள் ஒருத்திதான் இதைப் படிக்கத் தெரிந்தவள். மற்றவர்களுக்கு இது வெறும் செடி. தோள் பையையும் தன் தண்ணீர் கேனையும் சத்தமில்லாமல் கீழே வைத்தான். கையை வேட்டை மிருகம் மாதிரி முன்னால் நீட்டிக்கொண்டு ஒரு அடி வைத்தான். இரண்டாவது அடி.

மூன்றாவது அடியில் பாறை ஓரம் பொரிந்து உதிர்ந்தது. சறுக்கினான். நேராகப் பள்ளத்துக்குள் விழுந்தான். வலது கால் இரண்டு கற்களுக்கு நடுவே இடுப்பு வரை இறங்கி மாட்டிக்கொண்டது, உடம்பு மட்டும் மறுபக்கம் திரும்பியது. விறகு முறிகிற சத்தம். அது தன் தொடைதான் என்று தெரிய அவனுக்கு ஒரு கணம் பிடித்தது.

அவன் கத்தி ஓய்கிற வரை அண்ணி மேலேயே நின்றாள். பிறகு பக்கவாட்டில் பார்த்துப் பார்த்துக் கால் வைத்துக் கீழே இறங்கி வந்தாள். முகத்தில் கோபம் இல்லை. கோபம் இருந்திருந்தால் கெஞ்சியிருக்கலாம்.

"மூணு வருஷமா மழை முடிஞ்சதும் வர்றேன் தம்பி" என்றாள். "முதல் வருஷம் ரோட்டோரம் பத்துச் செடி. அவர் எந்தப் பிளவுலயும் விழலைன்னு அன்னைக்கே தெரிஞ்சுபோச்சு. போலீசுக்குப் போகணும்னுதான் இருந்தேன். அடுத்த வருஷம் வந்தா வரிசை இந்தப் பக்கம் திரும்பி நீண்டிருக்கு. அதுக்கப்புறம் போலீஸ்ல போய் என்னன்னு சொல்றது?"

அவன் தண்ணீர் என்றான். காலைக் காட்டினான். அண்ணி என்றான், அண்ணன் செத்தது தன்னால் இல்லை என்றான், சும்மா உட்கார்ந்திருந்தேன், ஒன்றுமே செய்யவில்லை என்றான். அது உண்மைதான். அவன் ஒன்றுமே செய்யவில்லை.

"போன மாசம் இங்க வந்து நின்னுட்டார். நீங்க திரும்பி வருவீங்கன்னு விட்ட இடத்துலயே இருக்கார் போல. சரி, ஆளைக் கொண்டுவந்து விடுவோம்னு எனக்குத் தோணுச்சு."

அவள் தன் தண்ணீர் கேனைத் தோளிலிருந்து கழற்றினாள். அவன் கையை நீட்டினான். அவள் அந்தக் கையைத் தாண்டிப் போய், வரிசையின் கடைசி முளைக்குப் பக்கத்தில் கேனை வைத்து, மூடியைத் திறந்து, மண்டியிட்டு, மணலைத் தடவிக் கொடுத்தாள். குடிங்க என்று மெதுவாகச் சொன்னாள். அவள் கண் கலங்கியதை அவன் அப்போதுதான் பார்த்தான். பிறகு எழுந்து புடவை மணலைத் தட்டிவிட்டாள்.

"அண்ணன் தம்பி பேசி முடிங்க. நடுவுல நான் எதுக்கு?"

மேலே ஏறி, பாறையில் அவன் வைத்திருந்த பையையும் கேனையும் எடுத்துக்கொண்டாள். காலடிச் சத்தம் கொஞ்ச நேரம் கேட்டது. பிறகு கேட்கவில்லை. வெகு நேரம் கழித்து, ரோட்டுப் பக்கம், ஜீப் கிளம்புகிற சத்தம் ஈ ரீங்காரமாகக் கேட்டு அடங்கியது.

வெயில். கற்களின் டிக் டிக். அவன் கேனையே பார்த்துக்கொண்டிருந்தான். நாலு கை தூரம். எட்ட முடியாது. கேனில் தண்ணீர் விளிம்பு வரை இருந்தது.

பிறகு விளிம்பு வரை இல்லை.

மடக் என்று ஒரு சத்தம். தண்ணீர் ஒரு விரல் இறங்கியது. மடக். இன்னொரு விரல். கேன் தானாகச் சாயவில்லை, யாரும் தூக்கவில்லை, நின்ற இடத்தில் நின்றபடியே காலியாகிக்கொண்டிருந்தது. மூன்று வருடத் தாகம் அவசரப்படவில்லை. நின்று நிதானமாகக் குடித்தது. கடைசியில் பிளாஸ்டிக் உள்ளுக்கு இழுபட்டு நசுங்கியது.

அண்ணே என்று கூப்பிட்டுப் பார்த்தான்.

சர்ர்.

கேனுக்கு இந்தப் பக்கம், ஒன்றரை முழத்தில், மணல் வெடித்தது. ஈரமாக ஒரு முளை தலையை நீட்டியது. அதற்குப் பக்கத்தில் மணலில் ஒரு முழங்கை அளவு பள்ளம் விழுந்தது.

நிறுத்தம். மூச்சு வாங்குகிற சத்தம். அவனுடைய மூச்சு இல்லை. அவன் மூச்சை அடக்கிக்கொண்டிருந்தான்.

சர்ர். இன்னொரு முளை.

அவன் காலை இழுத்தான். எலும்போடு எலும்பு உரசியது. கல் விடவில்லை. கத்தினான். வெயில் கேட்டுக்கொண்டிருந்தது. கள்ளி கேட்டுக்கொண்டிருந்தது.

சர்ர்.

பக்கத்தில். ஈர மண் வாசனை. முகத்தில் சூடாக ஒரு காற்று, தாளம் தவறாமல், வந்து வந்து போயிற்று. எதிரே யாரும் இல்லை. வெள்ளை வெயிலும் பாறையும்தான். ஊன்றியிருந்த அவன் வலது கைக்கு முன்னால் மணல் மெல்ல அமுங்கியது. ஐந்து விரல்கள். ஒரு உள்ளங்கை.

அந்தத் தடம் அங்கேயே கொஞ்ச நேரம் இருந்தது.

பிறகு அவன் மணிக்கட்டுத் தோலில், ஒன்றன்பின் ஒன்றாக, ஐந்து குழிகள் விழுந்தன.